வாடகை மணிக்குள் வளர்ந்த வீரர்கள்

ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் இருந்த பிரவுசிங் சென்டர்களை இன்று நினைத்துப் பார்த்தால், அங்கே யாரும் ரோல் பிளேயிங் கேம் விளையாடவில்லை என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். 2000-களின் நடுப்பகுதி அது. திரைகளில் ஓடியவை கவுண்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், மோஸ்ட் வாண்டட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், வார்கிராஃப்ட் 3, இ.ஏ. கிரிக்கெட். சுடுவது, வண்டி ஓட்டுவது, படை நடத்துவது, மட்டை பிடிப்பது, இவ்வளவுதான். தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் குணத்தையும் திறனையும் தானே தீர்மானித்து, வாரக்கணக்கில் அதோடு கூடவே வாழும் ஆட்டம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள், பின்னாளில் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கி ஸ்கைரிம், விட்சர் என்று போனபோது தடுமாறவில்லை. அனுபவப் புள்ளி, லெவல், திறன் மரம், பையில் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே கைப்பழக்கமாக இருந்தது. பாடம் எங்கே நடந்தது? வேறு பெயர்களில் விற்ற கலப்பு ஆட்டங்களுக்குள்தான் நடந்தது என்பது என் கட்சி. அந்தக் கலப்புகள் எல்லாமே ஒரே பாடத்தைச் சொல்லித்தரவில்லை என்பதும் அதே கட்சியின் மறுபாதி.

நேரடியான ரோல் பிளேயிங் கேம்கள் அந்தக் கடைகளுக்குள் வராததற்குக் கிடைக்காமை காரணமில்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரு பஸ் எந்நேரமும் உண்டு. நாற்பது கிலோமீட்டரில் எஸ்.பி. ரோடும், மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டும் இருந்தன. எந்த கேமின் திருட்டு டிஸ்க்கும் அங்கே கிடைக்கும். வெளியான சில நாட்களில் எல்லையைத் தாண்டி ஓசூருக்கும் வந்துவிடும். தடை வேறு இடத்தில் இருந்தது. பிரவுசிங் சென்டர் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் கடை. பத்து ரூபாய்க்கோ இருபது ரூபாய்க்கோ ஒரு மணி நேரம்; முடியப் போகிறது என்று திரையின் மூலையில் எச்சரிக்கை வரும்; கூடுதல் நேரம் வேண்டுமானால் கவுண்டரைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். 2000-இல் வந்த பால்டர்ஸ் கேட் 2, 2002-இல் வந்த மாரோவிண்ட் போன்ற ஆட்டங்களில் அந்த ஒரு மணி நேரம் ஆரம்ப உரையாடல்களைப் படிக்கவே போதாது. போதாததற்கு, பல கடைகளில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருப்பார்கள். வைரஸுக்குப் பயந்து போட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும், அன்றைக்குச் சேமித்த ஆட்டமும் போய்விடும். நினைவில்லாத கம்ப்யூட்டரில் நீண்ட வாழ்க்கை வாழ முடியாது. இதோடு பக்கம் பக்கமாக வரும் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசி, பள்ளியில் தமிழ் படித்த பையன்களுக்கு எந்த மொழியிலும் பேசிச் சமாளிக்க வரும். ஐந்து நிமிடம் நின்று ஆங்கில உரையாடலைப் படிக்கத்தான் பொறுமை வராது.

இந்த மூன்று தடைகளையும் ஒரே வீச்சில் தாண்டியது வார்கிராஃப்ட் 3. பிளிசார்ட் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் வெளிக்கூடு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியவர்களுக்குத் தெரிந்ததுதான்: தங்கம் தோண்டு, மரம் வெட்டு, படை கட்டு, எதிரியை அழி. அதற்குள் புதிதாக ஒரு ஆளை வைத்தார்கள், நாயகன். மற்ற வீரர்கள் சாகப் பிறந்தவர்கள். நாயகன் மட்டும் கொன்ற ஒவ்வொரு எதிரிக்கும் அனுபவம் சேர்த்து லெவல் ஏறுவான். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு திறனைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறாவது லெவலில் பெரிய வித்தை திறக்கும். பையில் ஆறு பொருள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வலிமை கூடினால் உயிர் கூடும், சுறுசுறுப்பு கூடினால் கை வேகம் கூடும், அறிவு கூடினால் மந்திர சக்தி கூடும். இந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் கட்டிய டோட்டா என்ற வரைபடம் படை, கோட்டை, மரவெட்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டு நாயகனை மட்டும் ஆட்டக்காரர் கையில் கொடுத்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லாரும் முதல் லெவலில் தொடங்குவார்கள், இருபத்தைந்துதான் உச்சம். நாற்பது, ஐம்பது நிமிடத்தில் ஒன்றுமில்லாத ஆள் ஊரை இடிக்கும் ஆளாக வளர்ந்து, ஆட்டமும் முடிந்துவிடும். ஒரு முழு ரோல் பிளேயிங் கேமின் வாழ்க்கை வளைவு ஒரு மணி வாடகைக்குள் அடங்கியது. சேமிக்க ஒன்றுமில்லை, ஆகவே டீப் ஃப்ரீஸ் அழிக்கவும் ஒன்றுமில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் லேன் வைத்திருந்த கடைகளில் அது பிடித்துக்கொண்டதை இந்தக் கணக்கே பாதி விளக்கிவிடும்.

அந்த ஆட்டத்தில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எட்டாவது நிமிடத்தில் கையில் கொஞ்சம் கோல்டு சேர்ந்திருக்கும். அதில் காலணி வாங்கினால் ஓட்டம் கூடும், துரத்தவும் தப்பவும் முடியும். சேர்த்துவைத்துப் பெரிய ஆயுதத்தின் ஒரு பாகத்தை வாங்கினால் அரை மணி கழித்து யாரையும் அடிக்கலாம், ஆனால் அதுவரை யாரிடமும் அடிவாங்க வேண்டும். அணிக்காகக் கண்காணிப்புக் கம்பம் வாங்கி நட்டால் தன் வளர்ச்சி பின்தங்கும். எதை வாங்கினாலும் இன்னொன்றை இழக்கிறோம் என்பது அங்கே சொற்பொழிவாக வராது, உயிர்ப்பட்டை குறைவதாக வரும். கூடவே, அணியில் யார் வளர்ந்து மற்றவர்களைச் சுமக்கும் ‘கேரி’, யார் துணை நிற்கும் ‘சப்போர்ட்’, யார் முன்னால் நின்று அடிவாங்கும் ‘டேங்க்’ என்ற பங்கீடு ஆட்டம் தொடங்கும்போதே நடக்கும். சப்போர்ட்டாகப் போனவன் நடுவில் ஆசைப்பட்டு எதிரிகளின் கொலைக்கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வசவு விழும். ஏற்றுக்கொண்ட பாத்திரத்துக்கு உண்மையாக நடப்பது என்ற ரோல் பிளேயிங் ஒழுக்கம் அந்த வசவில்தான் இந்தப் பகுதிக்கு முதலில் வந்து சேர்ந்தது.

இன்னொரு வாசல் சான் ஆண்ட்ரியாஸ். ராக்ஸ்டார் நிறுவனம் 2004-இல் பிளேஸ்டேஷனுக்கும் 2005-இல் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்த இதை எல்லாரும் கார் திருடும் ஆட்டமாகத்தான் திறந்தார்கள். ஆனால் நாயகன் சி.ஜே. சாப்பிட வேண்டும். கோழிக்கடையில் அடுத்தடுத்துத் தின்றால் வாந்தியெடுப்பான். தொடர்ந்து தின்று வந்தால் தொப்பை போடும், ஓட்டம் தளரும். பட்டினி போட்டால் கொழுப்பு கரைந்து, பிறகு தசையும் கரையும். ஜிம்முக்குப் போய் எடை தூக்கினால் உடம்பு திரையிலேயே மாறும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிவிடவும் முடியாது, நாளைக்கு வா என்று ஆட்டமே நிறுத்திவிடும். ஓடினால் மூச்சு பிடிக்கும் திறன் வளரும், ஓட்டினால் ஸ்டியரிங் கை வசமாகும், ஒரு துப்பாக்கியையே தொடர்ந்து பயன்படுத்தினால் அதில் கை தேரும், சில துப்பாக்கிகளை ஒரு கட்டத்தில் இரண்டு கையிலும் பிடிக்கலாம். இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: நம் ஊரில் யார் ஜிம்முக்குப் போய் வளர்த்தார்கள், எல்லாரும் சீட் கோடு போட்டுத்தானே ஆடினார்கள்? உண்மை. ஹெசோயம் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டத் தெரியாத பையன் அன்று இல்லை. கோடுகளைக் கையால் எழுதி நாலாக மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் பஃப்மீஅப் என்று தட்டியதும் சி.ஜே.யின் தோள் புடைப்பதைப் பார்த்தவனுக்கு ஒன்று விளங்கிவிட்டது: இந்த உடம்புக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது, அந்த எண் மாறினால் ஆள் மாறுவான். குறுக்கு வழியில் போனவனும் வழி இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் போனான். கோடு போடாமல் ஆடிப் பார்க்கும் ஆசை சிலருக்குப் பிறகு வந்ததும் அதனால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைக்க வேண்டும். லெவல் ஏறுவதுதான் ரோல் பிளேயிங் என்றால் ஓசூருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்து, சிப்காட் வளர்ந்து, தொழிற்சாலைச் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்கும் ஊர் இது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே நான்காகப் பிரித்த வட்டங்கள் இருக்கும். வேலை தெரிந்தால் ஒரு கால்வட்டம், மேற்பார்வையில் செய்தால் அரைவட்டம், தனியாகச் செய்தால் முக்கால், மற்றவருக்குச் சொல்லித்தர முடிந்தால் முழுவட்டம். அப்ரண்டிஸாக உள்ளே நுழையும் பத்தொன்பது வயதுப் பையன் முதல் வாரத்திலேயே தன் வட்டம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். ரோல் பிளேயிங் கேமின் பாத்திரத் தாளுக்கு இதைவிட நெருக்கமான உறவினர் வேறு இல்லை. ஆனாலும் உறவு அங்கேயே நின்றுவிடுகிறது. எந்த வட்டம் நிரம்ப வேண்டும் என்பதை லைன் சூப்பர்வைசர் தீர்மானிக்கிறார், தொழிலாளி நிரப்புகிறார். வளர்ச்சி உண்டு, தேர்வு இல்லை. ரோல் பிளேயிங் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது: எதுவாக ஆவது என்பதோடு எதுவாக ஆகாமல் இருப்பது என்பதையும் ஆட்டக்காரரே முடிவு செய்து, அந்த முடிவின் விலையையும் அவரே கட்ட வேண்டும். கலப்பு ஆட்டங்களை இந்த உரைகல்லில் உரசினால் இரண்டு வகையாகப் பிரியும். 2007-இல் வந்த கால் ஆஃப் டூட்டி 4, துப்பாக்கிச் சண்டைக்குள் ஐம்பத்தைந்து லெவல்களையும் தேர்ந்தெடுக்கும் சலுகைகளையும் வைத்தது. அது பெரும்பாலும் நிரம்பும் வட்டம். நிறைய ஆடினால் எல்லாமே திறக்கும். டோட்டாவும், ஓரளவுக்கு சான் ஆண்ட்ரியாஸும் விலை கேட்கும் ஆட்டங்கள். முதல் வகை கணக்கைப் பழக்குகிறது, இரண்டாம் வகை பாத்திரத்தைப் பழக்குகிறது.

தூய்மைவாதிகள் இதை ஏற்பதில்லை. ஆறு பகடை, தாள், பென்சில், மேசையைச் சுற்றி நாலு நண்பர்கள், கதை சொல்லும் ஒருவர். இதுதான் உண்மையான ரோல் பிளேயிங், மற்றதெல்லாம் சுவையூட்டிய நீர் என்பார்கள். வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் அர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு தனி வகையாகப் பிறக்கவில்லை. 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் பின்னிணைப்பாகச் சேர்ந்த மந்திரவாதிகளும் நாயகர்களும் அதன் ஒரு பெற்றோர். 1969-இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய பிரௌன்ஸ்டைன் ஆட்டம் இன்னொரு பெற்றோர். அங்கே படைத்தலைவர்களோடு ஊர்த் தலைவர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற தனி மனிதர்களையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் போரை விட்டுவிட்டுச் சதி பேசத் தொடங்கிவிட்டார்கள். இன்று எல்லா ஆட்டத்திலும் இருக்கும் உயிர்ப் புள்ளி என்ற எண்ணத்தைக் கடற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து எடுத்ததாக அர்னெசனே சொல்லியிருக்கிறார். ஆக, மூல வடிவமே கலப்பு. படை நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஒரே ஒரு புது விதியைக் கொடுத்து, ஒரு ஆளாக நில் என்று சொன்னதில்தான் இந்தக் கலையே தொடங்கியது. வார்கிராஃப்ட் 3 செய்தது அதே வேலையை, முப்பது ஆண்டு கழித்து, திரையில். தெரிந்த ஆட்டத்துக்குள் தெரியாத விதி ஒன்றை மட்டும் வைப்பது அறிமுகத்துக்கு மலிவான தந்திரமல்ல, இந்த வகை பரவிய வழியே அதுதான்.

நம் பக்கத்திலிருந்து எழும் மறுப்பு வேறு. வேடம் கட்டுவதை நமக்கு அமெரிக்காக்காரர் சொல்லித்தர வேண்டுமா? கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளம் என்று நாட்கணக்கில் நடக்கும். களிமண்ணில் படுத்திருக்கும் பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி வேடதாரிகள் ஓடி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாத்திரம் என்றால் என்ன என்று தெரியும். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. பாத்திரத்தின் கனத்தைக் கூத்து காட்டும் அளவுக்கு எந்த கேமும் காட்டுவதில்லை. ஆனால் கூத்தில் துரியோதனன் கட்டுபவர் அன்றிரவு சமாதானம் பேச முடியாது. படுகளத்தில் அவன் தொடை பிளந்தே ஆக வேண்டும், ஊரே அதற்காகத்தான் கூடியிருக்கிறது. பார்ப்பவர்களின் கண்ணீர் மாறாத முடிவிலிருந்து பிறக்கிறது. ரோல் பிளேயிங் கேம் கேட்கும் திறன் அதற்கு நேரெதிர்: முடிவு தெரியாத இடத்தில், இந்த ஆள் இப்போது என்ன செய்வான் என்று தானே தீர்மானிப்பது. கூத்து அறிந்தவருக்கு இந்தத் திறன் எளிதில் வரலாம். கூத்தைப் பார்த்ததாலேயே வந்துவிடாது. அதற்கென்று ஒரு பயிற்சிக் களம் வேண்டியிருந்தது, பிரவுசிங் சென்டர் அதைக் கொடுத்தது.

அந்தக் களத்திலிருந்து நீண்ட ஆட்டங்களுக்குப் போன பாலத்தை அரசு கட்டியது என்றால் வேடிக்கையாக இருக்கும். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. படிப்புக்கென்று கொடுத்ததில் பென் டிரைவ் வழியாக வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் ஏறியது தமிழ்நாடே அறிந்த ரகசியம். இதில் கவனிக்க வேண்டியது கேம் அல்ல, சேமிப்பு. முதன்முறையாக ஒரு பையன் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர முடிந்தது. மூன்று மாதம் ஒரே ஆளாக இருக்க முடிந்தது. சென்ற வாரம் எடுத்த தவறான முடிவோடு இந்த வாரமும் வாழ வேண்டியிருந்தது. கிரிக்கெட்டிலேயே இந்த மாற்றம் தெரியும். இ.ஏ. கிரிக்கெட் 07-இல் பதினொரு பேரையும் நாமே ஆடுவோம். யாரும் நாம் இல்லை. 2014-இல் வந்த டான் பிராட்மேன் கிரிக்கெட் 14-இன் தொழில் வாழ்க்கைப் பகுதியில் பதினாறு வயது ஆட்டக்காரர் ஒருவராகத் தொடங்கி, அவருடைய ஆட்டத்தை மட்டும் ஆடி மேலே வர வேண்டும். மட்டை, பந்து, அம்பயர் எல்லாம் பழையவை. புதியது அந்த ஒரு ஆளாக நிற்பது மட்டும். மந்திரவாதியும் டிராகனும் பிடிக்காத எத்தனையோ பேர் ரோல் பிளேயிங்கை இப்படித்தான், அது ரோல் பிளேயிங் என்றே தெரியாமல், ஆடினார்கள்.

மிகக் கடினமான மறுப்பு செல்போனிலிருந்து வருகிறது. 2016-இல் ஜியோ வந்தபின் பிரவுசிங் சென்டர்கள் மெலிந்தன. ஆட்டம் கம்பெனி பஸ்ஸுக்குள்ளும் ஹாஸ்டல் அறைக்குள்ளும் நுழைந்தது. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று எல்லாவற்றிலும் ரோல் பிளேயிங்கின் உறுப்புகள் இருக்கின்றன. ஃப்ரீ ஃபயரில் பெரும்பாலான பாத்திரங்களுக்குத் தனித் திறன் உண்டு, ஒருவருடைய திறனை இன்னொருவரோடு இணைக்கலாம். அப்படியானால் இந்த வாசல் வழியாக லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வந்திருக்க வேண்டுமே, ஏன் பெரும்பாலோர் ஃப்ரீ ஃபயரிலேயே நின்றுவிட்டார்கள்? இதை நான் மழுப்ப விரும்பவில்லை. கலப்பு என்பதாலேயே அது வாசலாகிவிடாது. திறனும் தோற்றமும் டைமண்டுக்குக் கிடைக்கும்போது, டைமண்ட் பணத்துக்குக் கிடைக்கும்போது, ‘எதை விடுகிறேன்’ என்ற கேள்விக்குப் பதில் ‘இன்னும் கொஞ்சம் ரீசார்ஜ்’ என்று ஆகிவிடுகிறது. விலை பாத்திரத்தின் வாழ்க்கையிலிருந்து அப்பாவின் பணப்பைக்கு இடம் மாறுகிறது. அங்கே வாசல் இருக்கிறது. வாசற்படியிலேயே கடையும் போட்டிருக்கிறார்கள். ஆகவே என் வாதத்தை விரிப்பதைவிடச் சுருக்கியே வைக்கிறேன்: ரோல் பிளேயிங்கை அறிமுகப்படுத்துவது எண்களைக் கலந்த ஆட்டம் அல்ல, திரும்பப் பெற முடியாத தேர்வைக் கலந்த ஆட்டம்.

அத்தகைய ஆட்டத்துக்குச் சண்டைகூடத் தேவையில்லை என்பதற்கு ஒரு தமிழ்ச் சான்று இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா, மேலோட்டமாகப் பார்த்தால் சமையல் புதிர். 1988-இல் கனடாவில் குடியேறி வாழும் தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், பிறக்கும் மகன் கவின். அழிந்துபோன பக்கங்களுள்ள சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று யோசிப்பதுதான் புதிர். ஆனால் அடுக்கும் நேரத்தில் அம்மாவாக இருக்கிறோம். மகன் தமிழில் பேச மறுக்கும்போது என்ன சொல்வது என்று திரை கேட்கிறது. பின்னால் ஒரு கட்டத்தில் அதே மகனாக அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. லெவல் இல்லை, உயிர்ப் புள்ளி இல்லை. 2024-இல் பாஃப்டாவின் முதல் படைப்பு விருது பெற்ற இந்தச் சிறிய ஆட்டத்தை முடித்தவர், இன்னொருவராக நின்று முடிவெடுப்பது என்றால் என்ன என்பதை அறிந்துவிட்டார். நீண்ட ரோல் பிளேயிங் கேம்களில் அவருக்கு மிச்சமிருப்பது விதிகள்தான்; விதிகளை எவரும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

இன்று ஓசூரில் பிள்ளைகள் எந்த கேம் ஆடலாம் என்று கேட்கும் பெற்றோர் நேரத்தையும் வன்முறையையும் பணத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். மூன்றும் கேட்க வேண்டியவையே. நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம், அதைப் பிள்ளையிடமே கேட்கலாம்: உன் ஆளால் இப்போது எதைச் செய்ய முடியாது, அது நீ முன்பு எடுத்த எந்த முடிவால்? ‘எல்லாமே முடியும், காசு போட்டால் போதும்’ என்று பதில் வந்தால் அவன் ஆடுவது கடை. ‘இதை எடுத்தேன், அதனால் அது போச்சு, ஆனால் பரவாயில்லை’ என்று வந்து, ஏன் பரவாயில்லை என்பதற்கு அவனிடம் ஒரு காரணமும் இருந்தால், அட்டையில் சுடும் ஆட்டம் என்றோ கிரிக்கெட் என்றோ என்ன எழுதியிருந்தாலும், அவன் ஆடுவது ரோல் பிளேயிங் கேம்தான்.